ஆப்பில் ‘டெலிவர்டு’, வாசலில் ஒன்றுமில்லை

பணம் கட்டிய பொருள் வரவில்லை என்றதும் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு சத்தம் போடத்தான் முதலில் தோன்றும். போடலாம், தப்பில்லை. ஆனால் போனை வைத்த பிறகு கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது. உடைந்து வந்த பொருளை எடுத்துக் காட்டலாம். வராத பொருளுக்கு எதைக் காட்டுவது? சிக்கல் மொத்தமும் இதில்தான் இருக்கிறது. சட்டம் வாங்குபவருக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆன்லைனில் வாங்குவதையும், டிவி விளம்பரம் பார்த்துப் போனில் ஆர்டர் செய்வதையும், கடையில் வாங்குவதற்குச் சமமாகவே வைக்கிறது. அப்படியிருந்தும் பெங்களூரில் இருக்கும் நம் தமிழர்கள் பலர் பணத்தை ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வாரத்தில் எடுத்துவைக்க வேண்டியதை எடுத்துவைக்காமல், தவறான கதவைத் தட்டி நாளைக் கழிப்பதால்தான் பெரும்பாலும் அப்படி ஆகிறது.

எந்தக் கதவு என்பதை முதலில் பார்ப்போம். ‘வரவில்லை’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கு வேறு வேறு நிலைமைகள் இருக்கின்றன.

கணக்கில் பணம் போய்விட்டது, ஆனால் ஆர்டரே பதிவாகவில்லை என்றால் அது கடைக்காரர் பிரச்சினை அல்ல, பேங்க் பிரச்சினை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று விட்ட சுற்றறிக்கைப்படி, யூபிஐ வழியாகவோ ஆன்லைன் கார்டு வழியாகவோ கடைக்குச் செலுத்திய பணம் இப்படித் தடுக்கி நின்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இதைக் கேட்காமலே தர வேண்டும் என்பதுதான் விதி. நடைமுறையில் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு பேங்குக்கு மெயில் போட்டால்தான் அசைவார்கள்.

கடையே போலி என்றால் நுகர்வோர் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. இன்ஸ்டாகிராமில் பட்டுப்புடவை பாதி விலைக்கு என்று போட்டு, தனிநபர் யூபிஐக்குப் பணம் வாங்கி, அப்புறம் நம்மை பிளாக் செய்துவிடும் கூட்டம் இது. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். சைபர் கிரைம் தளத்திலும் புகாரைப் பதிய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பும். ஆகவே இங்கே கணக்கு மணி நேரத்தில். ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம், கூரியர் லேட்டாக இருக்கும்’ என்று காத்திருப்பது அவர்கள் எதிர்பார்ப்பதுதான்.

மூன்றாவது, ஆர்டர் உறுதியாகி டெலிவரி தேதி மட்டும் நழுவிக்கொண்டே போவது. நான்காவது, வராத பொருளை ‘டெலிவர்டு’ என்று காட்டுவது. நுகர்வோர் ஆணையம் வரை போகக்கூடியவை இந்த இரண்டும்தான். இனி சொல்வது முக்கியமாக இவற்றுக்கு.

வராததை நிரூபிப்பது

ஆர்டர் போட்ட அன்றே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்: பொருளின் பக்கம், விலை, விற்பவர் பெயர், ‘இந்தத் தேதிக்குள் வரும்’ என்ற வரி. இந்த வரி முக்கியம், ஏனென்றால் ஆப்பில் அது சத்தமில்லாமல் மாறும். முதலில் 12ஆம் தேதி என்று இருந்தது 15 ஆகும், பிறகு 21 ஆகும். கடைசியில் பார்த்தால் 12 என்று ஒருகாலத்தில் இருந்ததற்கான தடயமே இருக்காது. 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகள், சொன்ன தேதியைத் தாண்டிப் பொருள் வந்தால் அதைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. இயற்கைப் பேரிடர் மாதிரி அவர் கையை மீறிய காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. அந்த உரிமை நிற்பது முதலில் சொன்ன தேதியின் மேல். அது உங்களிடம் இல்லையென்றால் வாதமே இல்லை.

அடுத்தது டிராக்கிங். கூரியரின் ஏடபிள்யூபி நம்பரை, அதாவது பார்சலின் டிராக்கிங் நம்பரை எடுத்து, விற்பனை ஆப்பில் அல்லாமல் கூரியர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆப்பில் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று இருக்கும். கூரியர் தளத்தில் பார்சல் பெங்களூர் ஹப்பை விட்டே கிளம்பியிருக்காது. ‘டெலிவரிக்கு முயன்றோம்’ என்று பொய்யாகப் போடுவது அன்றைய எண்ணிக்கையைச் சரிக்கட்ட டெலிவரி பாய்கள் செய்யும் வேலை. அப்படி ஓரிரு முறை பதிந்தபின் பார்சல் விற்பவருக்கே திரும்பிவிடும். அந்த நேரத்துக்கு உங்கள் போனில் எந்த அழைப்பும் வரவில்லை என்பதற்கு அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதைவிட எளிய ஆதாரம் இல்லை.

‘டெலிவர்டு’ என்று வந்தால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே எழுத்தில் மறுக்க வேண்டும். பத்து நாள் கழித்து ‘வரவே இல்லை’ என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சாட்டிலோ மெயிலிலோ மூன்றைக் கேளுங்கள்: டெலிவரி ஆதாரம், அதாவது கையெழுத்து அல்லது போட்டோ, எந்த இடத்தில் எந்த நேரத்தில் ஒப்படைத்தார்கள் என்ற ஜிபிஎஸ் பதிவு, ஓடிபி போட்டு ஒப்படைத்திருந்தால் எந்த நம்பருக்கு அந்த ஓடிபி போனது. தராமல் மழுப்பினால், அந்த மழுப்பலே பின்னால் உங்களுக்கு உதவும்.

உங்கள் பக்கத்து ஆதாரத்தையும் சேருங்கள். அப்பார்ட்மெண்ட் என்றால் மைகேட் மாதிரி ஆப்பில் யார், எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவு இருக்கும். அந்த நேரத்தில் டெலிவரி என்று யாருமே உள்ளே வரவில்லை என்றால் அதுவே போதும். தனி வீடு, பிஜி என்றால் வாட்ச்மேனின் ரெஜிஸ்டர், எதிர்க்கடை கேமரா. சிசிடிவி பதிவு சில இடங்களில் ஒரே வாரத்தில் தானாக அழிந்து அதன்மேல் புதிது ஏறிவிடும், ஆகவே அசோசியேஷனுக்கு உடனே ஒரு மெயில் போட்டு அந்த அரைமணி நேரத்தை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஆப் செட்டிங்கில் ‘பக்கத்து வீட்டில் கொடுக்கலாம்’, ‘செக்யூரிட்டியிடம் விடலாம்’ என்று நீங்களே எப்போதோ சம்மதம் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். கொடுத்திருந்தால் செக்யூரிட்டி கையில் கொடுத்ததும் அவர்கள் பொறுப்பு முடிந்தது என்று வாதாடுவார்கள். அந்தச் சம்மதத்தை இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

பெங்களூருக்கென்று ஒரு தனித் தொல்லை முகவரி. ‘3வது கிராஸ், 5வது மெயின்’ என்பது லேஅவுட்டுக்கு லேஅவுட் இருக்கிறது. ஒரே பின்கோடுக்குள்ளேயே இரண்டு இருக்கலாம். லேஅவுட் பெயரையும், பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளி மாதிரி அடையாளத்தையும் முகவரியில் எழுதுங்கள். பாதி முகவரி கொடுத்துவிட்டு ‘போன் பண்ணுவான், சொல்லிக்கொள்ளலாம்’ என்று விட்டால் தவறு உங்கள் பக்கம் சாயும்.

ஓடிபியை பார்சல் கைக்கு வந்தபிறகுதான் சொல்ல வேண்டும். ‘கேட்டில் இருக்கிறேன் மேடம், ஓடிபி சொல்லுங்க, மேலே கொண்டு வரேன்’ என்பதற்கு மசிந்தால் அதற்குப் பிறகு ‘வரவில்லை’ என்று சொல்வது மிகக் கடினம். காலி டப்பா, கல் வைத்த டப்பா வருவதும் இதன் உறவுதான்: லேபிள் தெரிகிறமாதிரி தொடங்கி, இடையில் வெட்டாமல் பிரிக்கும் வீடியோ ஒன்று எடுத்தால் போதும். வீடியோ இல்லாவிட்டால் புகாரே செல்லாது என்று கஸ்டமர் கேர் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

கம்பெனிக்கு எழுதுவது

சாட்பாட்டோடு மல்லுக்கட்டுவதை ஒரு டிக்கெட் நம்பர் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயர், பதவி, தொடர்பு விவரங்களைத் தளத்தில் போட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், 1 மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில், எல்லாரும் தாண்டிப் போகும் சிறிய எழுத்தில், அந்த மெயில் முகவரி இருக்கும். கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் கூகுளில் தேடாதீர்கள். அங்கே மேலே வந்து நிற்பது பல நேரம் மோசடிக்காரரின் நம்பர். ‘ரீஃபண்ட் போடுகிறேன், இந்த ஆப்பை இறக்குங்கள்’ என்று உங்கள் திரையையே பார்க்கத் தொடங்குவார்கள்.

மெயிலில் ஆர்டர் நம்பர், கட்டிய தேதி, தொகை, பரிவர்த்தனை நம்பர், முதலில் சொன்ன டெலிவரி தேதி, இன்றுவரை வரவில்லை என்ற ஒரு வரி, என்ன வேண்டும் என்ற ஒரு வரி. பணமா பொருளா என்பதை நீங்களே முடிவு செய்து ஒன்றை மட்டும் கேளுங்கள். இரண்டையும் கேட்டால் ‘மறுபடி அனுப்புகிறோம்’ என்று சொல்லி இன்னொரு மாதத்தை ஓட்டுவார்கள். பணம் என்றால் ‘கட்டிய வழியிலேயே திரும்ப வேண்டும்’ என்று சேர்த்து எழுதுங்கள். ஆப் வாலட்டில், கூப்பனில் போடுகிறோம் என்பதற்குச் சரி என்று ஒரு பட்டனைத் தட்டிவிட்டால் புகார் ‘தீர்ந்தது’ என்று மூடப்படும்.

‘நாங்கள் வெறும் மார்க்கெட்பிளேஸ், விற்றவர் வேறு’ என்பார்கள். சரி, அந்த விற்றவரின் முகவரியைக் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பவரின் தலைமை அலுவலகம், கிளைகள், மெயில் எல்லாம் தர வேண்டும் என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. இன்வாய்ஸ் இருந்தால் அதிலுள்ள 15 இலக்க ஜிஎஸ்டி நம்பரை ஜிஎஸ்டி தளத்தில் தேடினாலே பதிவான பெயர் வரும், முகவரியும் கிடைக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 29 கர்நாடகா, 33 தமிழ்நாடு, 27 மகாராஷ்டிரா, 07 டெல்லி. ‘சேலம் நெசவாளரிடமிருந்து நேரடியாக’ என்று விளம்பரம் போட்டவரின் நம்பர் 07இல் தொடங்கினால் கொஞ்சம் யோசிக்கலாம்.

‘ரீஃபண்ட் போட்டுவிட்டோம்’ என்று பதில் வந்து கணக்கில் ஏறவில்லையென்றால், அந்த ரீஃபண்டின் அடையாள நம்பரைக் கேளுங்கள்: கார்டுக்கு 23 இலக்க ஏஆர்என், யூபிஐக்கு 12 இலக்க ஆர்ஆர்என். அதை பேங்கில் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். நம்பர் தர முடியவில்லையென்றால் ரீஃபண்டே போடவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பேங்க் வழி

கம்பெனி பதிலுக்குக் காத்திருக்கும்போதே இதையும் பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். கிரெடிட், டெபிட் கார்டில் கட்டியிருந்தால் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்ற காரணத்தில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை பேங்க் வழியாகவே திரும்பக் கேட்பது, உண்டு. இது சட்டம் தந்த உரிமை அல்ல, கார்டு நெட்வொர்க்குகளின் விதி. பெரும்பாலும் பொருள் வர வேண்டிய தேதியிலிருந்து 120 நாள் வரை நேரம் உண்டு, ஆனால் பேங்குகள் சீக்கிரம் வரச் சொல்லும். ‘இன்னும் 7 நாள்’ என்று கம்பெனி தவணை கேட்பது சில சமயம் இந்தக் கெடு முடியட்டும் என்றுதான். டிஸ்ப்யூட் படிவம், இன்வாய்ஸ், முதல் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் அனுப்பிய மெயில் ஆகியவை போதும். பேங்க் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

இஎம்ஐயில் வாங்கியிருந்தால் கூடுதல் கவனம். பொருள் வரவில்லை என்பதற்காக மாதத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். சிபில் ஸ்கோர் அடிபடும், அதைச் சரிசெய்வது இந்தப் பணத்தை வாங்குவதைவிடப் பெரிய வேலை. கட்டிக்கொண்டே தகராறு செய்யுங்கள். ரீஃபண்ட் வந்ததும் இஎம்ஐ தானாக ரத்தாகும் என்றும் நினைக்க வேண்டாம், பேங்கில் எழுதிக் கேட்டு முடிக்க வேண்டும்.

தனிநபர் யூபிஐக்கு அனுப்பிய பணத்துக்கு இந்த வழி கிட்டத்தட்ட இல்லை, நீங்களே மனமறிந்து அனுப்பியது என்று சொல்லிவிடுவார்கள். முன்பின் தெரியாத விற்பனையாளர் என்றால் என் வரிசை இதுதான்: கேஷ் ஆன் டெலிவரி, அடுத்து கார்டு, கடைசியில் யூபிஐ. டிவி ஷாப்பிங்குக்கு முன்பணமே வேண்டாம். ஆப் பதிவு எதுவும் இருக்காது. சேனல், நேரம், விளம்பரம் ஓடும்போது எடுத்த ஒரு சின்ன வீடியோ, அழைத்த நம்பர் என்று எல்லாம் நீங்களே சேர்த்தால்தான் உண்டு.

1915, பிறகு சாந்திநகர்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், வாட்ஸ்ஆப்பிலும் தளத்திலும் பதியலாம், கட்டணம் இல்லை. பெரிய கம்பெனிகள் பல இதோடு இணைந்திருப்பதால், கஸ்டமர் கேரில் மாதக்கணக்கில் அசையாதது இங்கே பதிந்ததும் அசைவது உண்டு. ஆனால் இவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. கம்பெனி ‘தீர்த்துவிட்டோம்’ என்று ஒரு வரி எழுதினால் புகார் மூடப்படும். பணம் வரவில்லையென்றால் அதை மறுத்து உடனே பதிவு செய்யுங்கள். இங்கே தரும் டாக்கெட் நம்பர், அதாவது புகார் நம்பர், பின்னால் ஆணையத்தில் உதவும். ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள தொகை என்றால் சார்ஜ்பேக், 1915 இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மேலே போனால் நோட்டரி, ஜெராக்ஸ், விடுமுறை என்று அதைவிடக் கூடுதலாகப் போகும்.

அதற்கு மேல் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 50 லட்சம் வரை இங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. பெங்களூர் நகர மாவட்ட ஆணையங்கள் சாந்திநகர் பிஎம்டிசி வளாகத்தில், கே.எச். ரோட்டில் இருக்கின்றன. மனுவை இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம். 2025 ஜனவரி 1 முதல் பழைய இ-தாக்கில் தளத்துக்குப் பதில் இதுதான். மனு ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கட்டும்.

விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. இதில் நம்மவர்கள் தடுக்கும் ஒரு கல் ஆதார். முகவரி வேலூரோ திருவண்ணாமலையோ என்று இருக்கும், ஆள் பெங்களூர் எஜிபுராவில் இருப்பார். வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், ஆபீஸில் வாங்கிய கடிதம் ஏதாவது ஒன்றை இணைத்தால் சரியாகிவிடும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மிக்ஸி ஆர்டர் போட்டு அது போய்ச் சேரவில்லையென்றாலும், பணம் கட்டியவர் இங்கே இருப்பதால் இங்கேயே போடலாம். ஆனால் மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்கு என்றால் நுகர்வோர் என்ற தகுதியே இல்லை. வாட்ஸ்ஆப் குழுவில் புடவை ரீசெல்லிங் செய்யும் பெண்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்த வாங்கிய தையல் மெஷின் மாதிரியானவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு.

வழக்குக்கு முன் வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை. ஆனாலும் 15 நாள் கெடு கொடுத்து நீங்களே ஒரு கடிதம் எழுதி, மெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, ரசீதையும் டெலிவரி டிராக்கிங் பக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் தேதிவாரியான பட்டியல்தான் உயிர். கோபம் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். விற்பவரையும் தளத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். பொய்யாக ‘டெலிவர்டு’ போட்ட விவகாரம் என்றால் கூரியரையும். காகிதப் பிரதி கேட்டால் எதிர்மனுதாரர் ஒருவர் என்றால் 3 செட், கூடினால் தலைக்கு ஒன்று. ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு, எந்தப் போனில் எடுத்தது, யார் எடுத்தது என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லிவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் இணைத்தால் பின்னால் ஆட்சேபம் எழாது.

கேட்பது கட்டிய தொகை, வட்டி, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு. எட்டாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டால் கிடைக்காது, மனுவின் கனமும் குறையும்.

நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15. மொத்தம் 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. அந்தத் தேதியை நீங்கள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். தாண்டினால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். மொத்த வழக்கையும் 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், முடிவதில்லை என்பது நடைமுறை. வீடியோ வழி விசாரணைக்கு மனு கொடுத்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகள் பல நேரம் நோட்டீஸ் போனதுமே சமரசத்துக்குக் கூப்பிடுகின்றன. தொகை கணக்கில் ஏறிய பிறகுதான் மனுவைத் திரும்பப் பெற வேண்டும், ‘ஏற்றுகிறோம்’ என்ற வாக்குறுதிக்கு அல்ல.

சின்ன விற்பனையாளர்கள் வரவே மாட்டார்கள். ஒருதலைப்பட்சமாக உத்தரவு கிடைக்கும், பணம் வராது. அப்போது 2019 நுகர்வோர் சட்டத்தின் 71, 72ஆம் பிரிவுகளில், உத்தரவை நிறைவேற்றச் சொல்லி மனு போட வேண்டும். 72இல் குறைந்தது 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வாரண்ட் கையில் கிடைத்ததும் முகவரி தெரியாமல் ஒளிந்திருந்தவர்கூடத் தானாகவே போன் செய்வார். கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தால் மட்டும் இந்த வழி அடைபடும்; அங்கே தீர்வு அதிகாரி அறிவித்த கெடுவுக்குள், கம்பெனி பணம் தர வேண்டியவர்களில் ஒருவராக உங்கள் தொகையைப் பதிய வேண்டும். முன்பணம் வாங்கி மரச்சாமான் செய்துதரும் கம்பெனி திடீரென்று கடையை மூடினால், முதலில் தேட வேண்டியது அந்த அறிவிப்பைத்தான்.